விபத்தின் மனக்காயம்: ரயில் காலத்திலிருந்து சாலைக் காலம் வரை

விபத்தில் தப்பியவரின் மனம் பல மாதங்கள் தேறாமல் கிடப்பதை மருத்துவம் முதலில் கவனித்தது சாலையில் அல்ல, ரயில் பாதையில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ரயில் விபத்துகள் பெருகின. எலும்பு முறியாமல் வீடு திரும்பியவர்கள்கூடச் சில நாட்களில் தூக்கம் இழந்தார்கள், கைகால் நடுங்கியது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், முதுகுத்தண்டும் நரம்பும் உலுக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்று 1866இல் நூலாக வந்த விரிவுரைகளில் விளக்கினார்.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இதற்கு நன்கு பதிவான சான்று. 1865 ஜூன் 9 அன்று கென்ட் பகுதியின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே, தண்டவாளம் கழற்றப்பட்டிருந்த சிறு பாலத்தில் அவர் வந்த ரயில் தடம்புரண்டது. பத்துப் பேர் இறந்தனர். அவருடைய பெட்டி கவிழாமல் தொங்கி நின்றது. வெளியே இறங்கியவர் தம் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவரிடம் பதற்றமே இல்லை. ஆனால் பின்னாளில் ரயில் லேசாகக் குலுங்கினாலும் இருக்கையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்வார் என அவருடைய மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். சம்பவ நேரத்தில் திடமாக இருந்தவர் பின்னர் நொடிந்துபோவது இன்றும் மருத்துவர்கள் காணும் நிகழ்வுதான்.

இந்த நோயின் வரலாற்றைத் திசைதிருப்பியது பணம். ரயில் நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டியிருந்ததால், நோயாளி உண்மை சொல்கிறாரா, நடிக்கிறாரா என்பதே முதல் கேள்வியானது. ரயில் நிறுவனம் ஒன்றின் மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பேஜ், முதுகுத்தண்டில் சேதம் இல்லாதபோதும் அச்சம் மட்டுமே இந்தக் குறிகளைத் தோற்றுவிக்கும் என்று 1883இல் எழுதினார். நிறுவனத்துக்கு வசதியான வாதம் அது. ஆயினும் மனமே காயப்படக்கூடும் என்ற கருத்துக்கு வழி திறந்ததும் அதுவே. 1889இல் பெர்லினின் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இத்தகைய நோய்களைத் தனி வகையாகத் தொகுத்தார்.

நீதிமன்றங்கள் மெதுவாகவே நகர்ந்தன. ஆஸ்திரேலியாவில் ரயில்வே கேட் ஊழியரின் கவனக்குறைவால் மயிரிழையில் தப்பிய பெண்ணுக்கு, உடலில் மோதல் இல்லை என்பதால் 1888இல் லண்டன் பிரிவி கவுன்சில் இழப்பீடு மறுத்தது. 1982இல்தான், விபத்தைக் கண்ணால் காணாமல் மருத்துவமனையில் தன் குடும்பத்தின் கோலத்தைக் கண்டு நிலைகுலைந்த தாயின் உரிமையைப் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஏற்றது. இடையில் 1961இல் நரம்பியல் மருத்துவர் ஹென்றி மில்லர், வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்ததும் இத்தகையோர் குணமாகிவிடுகிறார்கள் என்று எழுதினார். வழக்கு முடிந்த பிறகும் பலர் குணமாகவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தச் சந்தேகம் பல நோயாளிகளின் தலையில் நெடுங்காலம் விடிந்தது.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்வே காரணமாக இருக்க வேண்டும் என்ற அப்போதைய நிபந்தனை, அன்றாடம் நடக்கும் சாலை விபத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை. 1994இல் அது நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் மேயூ குழு சாலை விபத்தில் சிக்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு வந்ததைக் கண்டறிந்தது.

சிகிச்சையிலும் ஒரு பெரிய திருத்தம் நேர்ந்தது. விபத்து நடந்த ஓரிரு நாளில் நடந்ததையெல்லாம் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கும் என்பது 1980களில் வேரூன்றிய நம்பிக்கை. அதே மேயூ குழு இதைச் சோதித்து, 2000இல் மூன்றாண்டு முடிவுகளை வெளியிட்டது. தொடக்கத்தில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களே பின்னரும் தேறாமல் இருந்தனர், பேசவைக்கப்படாதவர்கள் தேறியிருந்தனர். நல்ல எண்ணம் மட்டும் மருந்தாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பலன் தந்த முறை வேறு. உளவியலாளர் அன்கே ஏலர்ஸ் குழுவின் சிகிச்சையில், நோயாளி விபத்தின் மிகக் கொடிய நொடிக்கு மனத்தளவில் திரும்புகிறார். 'செத்துவிட்டேன்' என்று அப்போது எண்ணியதோடு 'பிழைத்துவிட்டேன்' என்ற இன்றைய அறிவைச் சேர்க்கிறார். ஓயாமல் பின்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது போன்ற தற்காப்புப் பழக்கங்களைப் படிப்படியாக விடுகிறார். விபத்து நடந்த இடத்துக்கும் போய்வருகிறார். 2003இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே நோய் எஞ்சியது. சுய உதவிக் கையேடு மட்டும் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் நீடித்தது.

இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்து உயிர் காக்கிறது. ஆனால் இந்த மனக்கோளாறை மருத்துவர் உறுதிசெய்வதே குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த பிறகுதான். எலும்பு மருத்துவரிடம் மறுபரிசோதனைக்கு வருபவரிடம் தூக்கம் எப்படி, வண்டியில் ஏற முடிகிறதா என்று கேட்பதை அரசு மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். விபத்துக்குப் பின் ஒரு மாதம் கடந்தும் மனம் தேறாதவர்கள் டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.