குஞ்ஞாலி மரைக்காரும் நம்மட கரையும்

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்களுக்கு 'மரைக்கார்' என்பது புதிய சொல்லல்ல. குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்தவர்களை நம் மூத்தவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். மரக்கலத்தோடு தொடர்புபட்ட சொல் என்பதே பலரும் தரும் விளக்கம். ஆனால் இன்றைக்கு நம்மட பொடியனுகளிட்ட மரைக்கார் யாரென்று கேட்டால், 2021இல் வெளிவந்த மலையாளப் படத்தில் மோகன்லால் போட்ட வேடத்தைத்தான் சொல்வார்கள். படம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கடல் வீரர்களின் வரலாற்றில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அதை நாம் பேசுவது குறைவு.

குஞ்ஞாலி என்பது ஒருவரின் பெயரல்ல. கள்ளிக்கோட்டையை ஆண்ட சாமூதிரி மன்னர் தமது கடற்படைத் தலைவருக்கு வழங்கிய பட்டம். 16ஆம் நூற்றாண்டில் நால்வர் அதைச் சுமந்தார்கள். எதிரே நின்றது போர்த்துக்கல். கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த வணிகக் கப்பலும் கடலில் போகக்கூடாது என்பது அவர்களது சட்டம். மீறினால் சரக்கும் போகும், உயிரும் போகும். பல நூறு வருடங்களாக எல்லோருக்கும் பொதுவாக இருந்த கடலுக்கு வந்த பூட்டு அது.

பீரங்கி ஏற்றிய பெரிய கப்பலை நேருக்கு நேர் மோதி வெல்ல முடியாது என்பது மரைக்கார்களுக்குத் தெரியும். அதனால் துடுப்பு வலிக்கும் சிறிய, வேகமான படகுகளை அவர்கள் நம்பினார்கள். ஆற்று முகத்துவாரங்களில் மறைந்திருப்பது, காற்று விழுந்து பாய்க்கப்பல் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்துப் பல பக்கமாகப் பாய்வது, அடித்துவிட்டு ஆழமில்லாத நீருக்குள் திரும்பிவிடுவது: இதுதான் அவர்களது போர்முறை. கடலோடு பிழைக்கிற நம்மட ஆட்களுக்கு இதன் அருமை விளக்காமலே புரியும்.

இலங்கை இதற்குள் எப்படி வந்தது? 1521இல் கோட்டை இராச்சியம் சகோதரர் மூவருக்கிடையே பிரிந்தது. கோட்டையில் இருந்த புவனேகபாகு போர்த்துக்கேயரைச் சார்ந்தார். சீதாவாக்கையின் மாயாதுன்னை சாமூதிரியிடம் உதவி கேட்டார். மரைக்கார்களின் படகுகள் இலங்கைக்கு வந்தது அந்த அழைப்பின் பேரில்தான். 1538இல் அப்படிப் புறப்பட்ட பெரும் படகுக் கூட்டம் ஒன்று, இராமேஸ்வரத்துக்கு அருகே வேதாளையில் மார்டிம் அபோன்சோ டி சூசாவின் படையிடம் தோற்றுப் படகுகளை இழந்தது. அதற்குப் பிறகும் மரைக்கார் வீரர்கள் இலங்கைக்கு வந்தார்கள். 1539இல் போர்த்துக்கேயத் தளபதி மிகேல் பெரைரா சீதாவாக்கையை நெருக்கியபோது, சமாதானத்தின் விலையாக அந்தத் தளபதிகளின் தலைகளைக் கேட்டார். மாயாதுன்னை கொடுத்தார் என்று போர்த்துக்கேய ஏடுகள் கூறுகின்றன. உதவிக்கு அழைத்தவரின் கையாலேயே அழிவு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1571இல் சாலியம் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து மீட்கப்பட்டது. மூன்றாம் குஞ்ஞாலி புதுப்பட்டணத்தில் கோட்டை கட்டினார். நான்காமவரான முகம்மது அலி மரைக்காரின் காலத்தில், தமது தளபதியின் செல்வாக்கு வளர்வதைக் கண்டு சாமூதிரியே அஞ்சினார். போர்த்துக்கேயருடன் கூட்டுச் சேர்ந்தார். 1599இல் நடந்த முதல் தாக்குதலில் போர்த்துக்கேயருக்குப் பலத்த இழப்பு. 1600 மார்ச்சில் கோட்டை தரைவழியாகவும் கடல்வழியாகவும் முற்றுகையிடப்பட்டது. உயிருக்கு உத்தரவாதம் கிடைத்ததும் குஞ்ஞாலி வெளியே வந்து தமது மன்னரிடம் வாளை ஒப்படைத்தார். போர்த்துக்கேயர் அவரைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அந்தத் தலை உப்பிடப்பட்டுக் கண்ணூருக்கு அனுப்பப்பட்டது.

இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இதை 'முஸ்லிம்களை மற்றவர்கள் ஏமாற்றிய கதை' என்று சுருக்கிச் சொல்வோர் நம்மிடையே உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மரைக்கார்கள் போரிட்டது ஓர் இந்து மன்னரின் கொடியின் கீழ். இலங்கையில் உதவியது ஒரு சிங்கள அரசருக்கு. பொன்னானியின் செய்னுத்தீன் மக்தூம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் நூலில் போர்த்துக்கேயருக்கெதிரான போருக்கு அழைப்பு விடுத்தபோதும், சாமூதிரியின் நல்ல குணத்தையும் எழுதினார். மன்னர்கள் கைவிட்டது மதத்துக்காகவல்ல, ஆட்சிக் கணக்குக்காக. அவர்கள் சேர்த்துக்கொண்டதும் பெரும்பாலும் அதே கணக்கில்தான்.

நம்மட கரையின் கதையே அதற்குச் சாட்சி. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினார் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதுகிறார். அன்றைய மட்டக்களப்பு என்பது, 1961இல் பிரிந்த அம்பாறைக் கரையோரத்தையும் சேர்த்த நிலம். இங்கே முஸ்லிம்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களோடும் தமிழ்க் குடிகளோடும் கலந்து வேரூன்றினார்கள். கண்டிக்கும் வணிகரும் தவளம் ஓட்டுவோரும் வேண்டியிருந்தார்கள். ஆனாலும் அடைக்கலம் அடைக்கலம்தான். நன்றியோடு நினைக்க வேண்டியதுதான்.

இந்தியா மும்பையிலுள்ள கடற்படைத் தளமொன்றுக்குக் குஞ்ஞாலி என்று பெயரிட்டிருக்கிறது. 2000இல் முத்திரையும் வெளியிட்டது. நமது பிள்ளைகளுக்கு 1626ஐச் சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு 1539ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே நாட்டில் ஓர் அரசர் நம்மவர்களைக் கொடுத்தார், இன்னோர் அரசர் காத்தார். இரண்டையும் தெரிந்த பிள்ளை, பக்கத்து ஊர்க்காரனை வெறுக்கவும் மாட்டான். யாரோ ஒரு தலைவர் தரும் வாக்கை மட்டும் நம்பி இருக்கவும் மாட்டான்.