வாசல் வரை வந்தவர்கள்

மலர்க் குழுவிலிருந்து ஒரு சீனியர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நம்ம காலேஜ் வரலாறு பத்தி ஒரு கட்டுரை வேணும், பதினைஞ்சு நாள்ல குடுத்துடு" என்றார். சீனியர் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கலக்கம் வந்தது. நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வரலாற்றைச் சொல்லாத மலர் உண்டா? 1794, 1859, 1920, 1978 ஆகிய நான்கு வருடங்களையும் நடு இரவில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் பழைய மாணவர்கள் நம்மில் நிறையப் பேர். நானோ வரலாறு படித்தவன் அல்ல. பாலத்துக்குக் கணக்குப் போட்டுப் பிழைக்கும் சிவில்காரன், 2006–2010 பேட்ச்.

ஆகவே கல்லூரியில் படித்தவர்களை விட்டுவிட்டு, அவர்களோடு கூட வந்தவர்களைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் செமஸ்டர் தொடங்கும் நாளில் பெட்டியும் பக்கெட்டும் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்களே அந்த அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா வகையறாக்கள். அவர்களுக்கும் இந்த வளாகத்தில் ஒரு வரலாறு இருக்கத்தானே வேண்டும்?

தேடப் போனால் முதல் அடியிலேயே ஒரு அடி விழுந்தது. 1794-ல் நில அளவைப் பள்ளியாக நம் கல்லூரி தொடங்கியபோது படிக்க வந்தவர்கள் எட்டே பையன்கள். அவர்களைக் கொண்டுவந்து விட யாரும் வரவில்லை. வர ஆள் இல்லை. கம்பெனியின் வானியலாளரும் சர்வேயருமான மைக்கேல் டாப்பிங், ஏரிகளைச் செப்பனிடவும் வரி நிலங்களை அளக்கவும் ஆள் போதவில்லை என்று கண்டு, இங்கேயே பையன்களைப் பழக்கி எடுக்கலாம் என்று யோசனை சொன்னார். சீமையிலிருந்து ஆள் கொண்டுவருவதைவிட இது மலிவு. பையன்களுக்கு எங்கே போவது? எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லம் ஒன்று இருந்தது. அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இல்லத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்த ஊர்ப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். தகப்பன் போரில் செத்திருப்பான், அல்லது கப்பலேறிப் போயிருப்பான். ஆனால் தாய் உயிரோடு இருந்த பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தாயோடு வளர்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும், பிரித்து வளர்ப்பதே நல்லது என்று நம்பியவர்கள் நடத்திய இல்லம் அது. நாம் மார்தட்டிக்கொள்ளும் அந்த 1794-க்குள் வாசலில் வந்து நிற்க அனுமதியில்லாத சில அம்மாக்களும் இருந்திருக்கலாம். மலர்களில் இந்தச் சேதியை நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள், வேகமாகத் தாண்டுகிறேன். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. 1859-ல் பள்ளி, கல்லூரியானது. சேப்பாக்கம் கலச மகாலில் நெடுநாள் நடந்தது. 1920-ல் அடையாற்றுக்குத் தெற்கே, அப்போது ஊருக்கு வெளியே கிடந்த கிண்டிக்கு வந்து சேர்ந்தது. சேப்பாக்கத்தில் இருந்தவரை திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையை விட்டால் நடந்தே போய் வந்துவிடலாம். கிண்டி என்றால் ஹாஸ்டல்தான். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் வசதியாயிற்று எனலாம்.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம், 1940. அந்த ஆண்டுதான் நம் கல்லூரியில் முதல் பெண் சேர்ந்தார். ஏ. லலிதா. நம் மாணவிகளுக்கு அவர் பெயர் தெரியும். முழுக்கதை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் விதவை, கையில் சில மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணுக்கு வீடு என்ன வழி வைத்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் நம் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். மகள் படிக்க வேண்டும், அதுவும் இங்கேயே படிக்க வேண்டும் என்று நினைத்தார். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாத்தமிடமிருந்தும் சம்மதம் வந்தது. நூற்றுக்கணக்கான ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெண். தனி ஹாஸ்டல் ஏற்பாடு.

இங்கேதான் எனக்கு அந்த அப்பாவை ரொம்பப் பிடிக்கிறது. சேர்த்துவிட்டாயிற்று, கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. மகள் தனியாகத் தவிக்கிறாள் என்று கண்டதும், இந்தக் கல்லூரியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்தார். அதன் பலனாக லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதாவின் குழந்தை உறவினர் வீட்டில் வளர, தாய் ஹாஸ்டலில் இருந்து படித்தார். அதாவது நம் கல்லூரியின் முதல் மாணவி, பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒரு அம்மா. மற்றவர்களுக்கெல்லாம் பெற்றவர்கள் பார்க்க வருவார்கள். இவரோ பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டியவர். படித்து முடித்தபோது, அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் 'ஹி' என்பதை அடித்து 'ஷி' என்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர் மாநாட்டுக்குப் போனார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். ஒரு அப்பாவின் விளம்பரத்தில் தொடங்கிய கதை.

1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவாகி, கிண்டியோடு ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. ஆனால் குடும்பங்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் என்றால் அது 1997-ல் வந்த ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்தான். அதுவரை கிண்டியில் இடம் கிடைத்த பிள்ளையின் குடும்பம் மட்டும்தான் கிண்டியைப் பார்த்தது. 1997-க்குப் பிறகு, தமிழ்நாட்டில் எந்த மூலையில் எந்த இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்வதானாலும் முதலில் நம் வளாகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ராமநாதபுரத்துக்காரரும் தர்மபுரிக்காரரும் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் பாதிக் கட்டணம். அந்த "கூட வரும் ஒருவர்" என்ற வார்த்தை அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும்.

2006 ஜூலையில் எனக்குக் கூட வந்த ஒருவர் என் அப்பா.

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டியவர் அவர். கவுன்சலிங்குக்கு ஒருமுறை, ஹாஸ்டலில் சேர்க்க ஒருமுறை, ஆக இரண்டு முறை வந்தார். அந்த ஆண்டுதான் கடைசி நுழைவுத் தேர்வு. அடுத்த ஆண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கவுன்சலிங் நாளில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் ஓடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் புரிந்திருக்காது. "கிண்டி சிவில் இன்னும் இருக்காய்யா?" என்று மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டார். இருந்தது.

சேர வந்த நாள் வேறு மாதிரி. மதுரையில் வாங்கிய சூட்கேஸ், பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் மக், பாய், தலையணை. மஞ்சப்பையில் சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ. வேட்டி, கதர்ச் சட்டை, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த கசங்கல். கட்டணம் கட்டி, அறை காட்டி, எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவருக்கு வளாகத்தைச் சுற்றிப் பார்க்க ஆசை. சிவப்புக் கட்டடம் மரங்களுக்கு இடையே தெரிந்தது. நின்றுவிட்டார். "இதை எப்பய்யா கட்டுனாங்க?" என்றார்.

பக்கத்தில் என் அறையில் சேர்ந்த பையனும் அவன் வீட்டாரும் காரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினேழு வயது. "தெரியலப்பா. நீங்க கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி, சர்தார் படேல் சாலை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டேன். பஸ் ராத்திரிதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டைத் தாண்டி காந்தி மண்டபத்துப் பக்கம் நடந்தார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்ததாக ரொம்ப நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான்கு வருஷம் படித்தேன். அப்பா அதன்பின் வளாகத்துக்கு வரவில்லை. பட்டமளிப்புக்கும் நான் அழைக்கவில்லை. வேலையில் சேர்ந்துவிட்டேன், லீவு இல்லை என்பது நான் சொன்ன காரணம். (அந்த அறைத்தோழன்தான் இன்று எனக்கு மிக நெருங்கிய நண்பன். அவன் அப்பாவும் தறிக்காரர் மகன் என்பது மூன்றாம் செமஸ்டரில் தெரிந்தது! அந்தக் காராச்சேவில் முக்கால்வாசியைத் தின்றவனும் அவனே.)

நான் படித்து முடித்த 2010-ல், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதே ஆண்டு கிண்டியில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கின. 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போனது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அந்தந்த மாவட்டத்திலேயே மையங்கள். 2020-ல் அதுவும் ஆன்லைன். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தடியில் துண்டு விரித்த அந்தக் கூட்டம் அதோடு போயிற்று. 2020-ல் சேர்ந்த தம்பி தங்கைகள் முதல் செமஸ்டர் பாடத்தை வீட்டிலேயே கேட்டார்கள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் பேராசிரியர் தெரிவார். வகுப்பறைக்குள் பெற்றோர் நுழைந்த செமஸ்டர் அது! 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அவர்கள் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்றது. அதனால் என் அப்பாவைப் போன்றவர்கள் இப்போது வாசலில் இன்னும் கூடுதலாகத் தெரிகிறார்கள்.

சென்ற ஆண்டு முதலாண்டுப் பிள்ளைகள் வந்த நாளில், நம் பேட்ச் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சும்மா போய் நின்றோம். வழி சொல்வது, பெட்டி தூக்குவது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவது. பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கட்டணம், சாப்பாடு, ராகிங் இவைதான். ராகிங் பயம் நியாயமானதே. 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது, அந்தச் சேதியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இன்று பெற்றோர். இதையெல்லாம் கேட்டு முடித்தபின் ஒரு பெரியவர், ஈரோட்டுப் பக்கம், தயங்கித் தயங்கி, "உள்ளார சுத்திப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். கூட இருந்த மகள் "அப்பா, போலாம் வாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குத் தெரிந்த இழுப்பு. "வாங்கய்யா, நான் காட்டுறேன்" என்று கூட்டிப் போனேன். பெண்ணும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தாள். சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நின்று 1920-லிருந்து ஆரம்பித்தேன். லலிதா கதைக்கு வந்தபோது போனைப் பையில் போட்டுவிட்டு அவள் கேட்க ஆரம்பித்தாள்.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் செய்து, "அப்பா, அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு நம்ம காலேஜ் வந்தது 1920-ல" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "அப்ப நூறு வருஷம் தாண்டிருச்சே" என்றார்.

இந்த மலர் வெளியாகும் அன்று அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. முழங்கால் வலி இருப்பதால் அப்பா மெதுவாகத்தான் நடப்பார். கூட்டம் பத்து மணிக்கு என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் எட்டு மணிக்கே வந்துவிடுவோம்.