மிக் ஜாகரின் தனிப் பயணம்: எதிர்பார்த்த விற்பனை கிட்டாத இசைத் தொகுப்புகள்

உலகப் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர் மிக் ஜாகர், தனிக் கலைஞராகத் தம்மை நிலைநிறுத்திக்கொள்ள 1980-களில் மேற்கொண்ட முயற்சி வணிகரீதியில் நிலைத்த வெற்றியைத் தரவில்லை. அம்முயற்சியால் அவரது குழுவே கலைந்துவிடும் சூழல் உருவானது.

குழுவில் விரிசல்

1962-ல் லண்டனில் தொடங்கப்பட்ட இக்குழுவின் பெரும்பாலான பாடல்களை ஜாகரும் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் இணைந்து இயற்றினர். 1983-ல் சிபிஎஸ் இசை நிறுவனத்துடன் குழு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, ஜாகர் தனியாகவும் தொகுப்புகளை வெளியிட வழி செய்யப்பட்டது. இது ரிச்சர்ட்ஸுக்கு மிகுந்த மனவருத்தத்தை அளித்தது.

1985-ல் வெளியான ஜாகரின் முதல் தனித் தொகுப்பான 'ஷீஸ் த பாஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13-வது இடத்தையும், பிரிட்டனில் 6-வது இடத்தையும் பிடித்தது. இத்தொடக்கம் அவருக்கு ஊக்கமளித்தது. 1986-ல் குழுவின் 'டர்ட்டி வொர்க்' தொகுப்பு வெளியானபோது, அதற்கான இசைப் பயணத்தில் பங்கேற்க அவர் மறுத்துவிட்டார்.

சரிந்த விற்பனை

1987-ல் 'ப்ரிமிடிவ் கூல்' என்ற இரண்டாவது தொகுப்பு வெளியானது. டேவ் ஸ்டூவர்ட் உள்ளிட்டோர் இதன் தயாரிப்பில் பங்கேற்றனர். எனினும் அமெரிக்காவில் 41-வது இடத்தையும் பிரிட்டனில் 26-வது இடத்தையுமே இத்தொகுப்பால் எட்ட முடிந்தது.

அடுத்த ஆண்டு ஜப்பான், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் ஜாகர் தனியாக நிகழ்ச்சிகளை நடத்தினார். அம்மேடைகளிலும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களே பெரும்பங்கு வகித்தன. ஜாகரின் குரலுக்குத் திரண்ட ரசிகர்கள், அக்குரலைக் குழுவின் பாடல்களிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதை இது உணர்த்தியது. அதே 1988-ல் ரிச்சர்ட்ஸும் 'டாக் இஸ் சீப்' என்ற தமது முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார்.

மீண்டும் இணைந்த இருவர்

1989-ன் தொடக்கத்தில் கரீபியத் தீவு நாடான பார்படாஸில் இருவரும் சந்தித்து, மீண்டும் பாடல்களை இயற்றத் தொடங்கினர். அவ்வாண்டே வெளியான 'ஸ்டீல் வீல்ஸ்' தொகுப்பு அமெரிக்காவில் 3-வது இடத்தைப் பெற்றது. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் குழு மீண்டும் இசைப் பயணம் புறப்பட்டது.

ஜாகர் தனி முயற்சிகளை முற்றிலும் கைவிடவில்லை. 1993-ல் வெளியான 'வாண்டரிங் ஸ்பிரிட்' அமெரிக்காவில் 11-வது இடம் வரை உயர்ந்தது. ஆனால் போனோ, லென்னி கிராவிட்ஸ் போன்ற முன்னணிக் கலைஞர்கள் பங்களித்த 'காடஸ் இன் த டோர்வே' 2001-ல் வெளியானபோது, முதல் நாளில் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் குறைவான படிகளே விற்றதாகச் செய்திகள் வெளியாகின. அதன் பின்னர் அவர் முழுநீளத் தனித் தொகுப்பு எதையும் வெளியிடவில்லை.

ஏ.ஆர்.ரஹ்மானுடன்

2009-ல் 'சூப்பர்ஹெவி' என்ற குழுவில் இந்திய இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான், டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி ஆகியோருடன் ஜாகர் இணைந்தார். இக்குழு ஒரு தொகுப்புடன் நின்றுவிட்டது.

2023-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் வெளியிட்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்' தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அப்போது ஜாகருக்கு வயது 80. அவரது தனித் தொகுப்புகளில் ஒன்றுகூட அந்த இடத்தை எட்டியதில்லை.