பகவந்தி ஏன் எழுந்து போகவில்லை?

"இவ ஏம்மா இன்னும் அந்த வீட்டுலயே கெடக்கா?"

'கோலங்கள்' ஓடிய வருடங்களில் நான் அம்மாவிடம் ஓயாமல் கேட்ட கேள்வி இது. "நீ சும்மா இரு, வசனம் கேக்கல" என்பதுதான் பதில். காட்டுவதை எல்லாம் அப்படியே நம்பி அழுகிறவர்கள்தான் சீரியல் பார்ப்பார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஆட்டியது, நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஓர் இந்தித் தொடரின் கதை.

1984 ஜூலை 7. தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி, இயக்கியவர் பி.குமார் வாசுதேவ். யோசனை வந்தது மெக்சிகோவிலிருந்து. அங்கே மிகெல் சபீதோ என்பவர் 1970களில் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். நல்லதைச் செய்யும் பாத்திரம் ஜெயிக்க வேண்டும், தவறானதைச் செய்வது கஷ்டப்பட வேண்டும், பார்ப்பவர் தானாகப் பாடம் கற்றுக்கொள்வார். குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை எல்லாவற்றையும் இப்படியே மக்களுக்குச் சொல்லிவிடலாம் என்று நம் அரசாங்கமும் நம்பியது.

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. ஆரம்பப் பகுதிகளின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. பதின்மூன்று பகுதிகளுக்குப் பிறகு அதை அடக்கி வாசித்தார்கள். அதாவது பாடம் நடத்த வந்தவர்களைப் பார்வையாளர்கள் திருத்தினார்கள்.

பிறகு தொடர் பிய்த்துக்கொண்டு போனது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, கதையில் நடந்ததைப் பற்றிப் பேசுவார். மொத்தம் 156 பகுதிகள். நான்கு லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. அத்தனை பேருக்கும் பட்கி, மஜ்லி, லல்லு, நன்ஹே, சுட்கி எல்லோரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

இந்தப் பிள்ளைகளின் அம்மாதான் பகவந்தி. குடிகாரக் கணவன் பசேசர் ராம், மாமியார், மாமனார், ஐந்து பிள்ளைகள் என்று எல்லோருக்கும் உழைத்துத் தேய்கிறவள். வாயைத் திறக்க மாட்டாள். எழுதியவர்கள் கணக்கில் அவள் ஓர் எதிர்மறை உதாரணம். 'இப்படி இருக்காதே' என்று பெண்களுக்குக் காட்ட வைத்த பாத்திரம்.

ஆனால் அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் போய்க் கேட்டபோது விஷயம் தலைகீழாக இருந்தது. கணிசமான பேருக்கு அவள்தான் முன்மாதிரி. அப்படிச் சொன்னவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

சபீதோவின் கணக்கு எங்கே பிசகியது? துன்பத்தைத் தண்டனையாகப் பார்க்கிற கணக்கு அது. சீதையையும் கண்ணகியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் துன்பம் தண்டனை இல்லை. அவள் நல்லவள் என்பதற்கு அத்தாட்சி. பகவந்தி கஷ்டப்படக் கஷ்டப்பட அவள் மேல் மரியாதை கூடியதே தவிர, குறையவில்லை.

இப்படித்தான் நான் புரிந்துவைத்திருந்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அடுக்களையில் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, அவ எங்க போவா?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை.

"அஞ்சு புள்ளைங்க. கையில வேலை இல்ல. அந்த வீட்ட விட்டா அவளுக்கு யாரு இருக்கா? நீங்க அவள மாதிரி இருக்காதன்னு சொல்லுவீங்க. எப்படி இருக்கணும்னு சொல்லுவீங்களா? அவளப் புடிக்குங்கறது வேற, அவ படுறது சரிங்கறது வேற."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அபி பாஸ்கர விட்டுப் பிரிஞ்சா பாரு, அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? உங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு, அதான் ஒண்ணும் பேசல."

பள்ளிக்கூட வயதில் அந்தக் கூடத்தில் நானும்தான் இருந்தேன். "நீ சும்மா இரு" என்பதை அதட்டல் என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'ஹம் லோக்' என்பதைத் தமிழில் 'நாம்' என்றும் சொல்லலாம், 'நாங்கள்' என்றும் சொல்லலாம். இந்தியில் அந்த வேறுபாடு கிடையாது. எழுதியவர்கள் பார்வையாளர்களையும் சேர்த்து 'நாம்' என்று நினைத்துத்தான் பெயர் வைத்திருப்பார்கள். பகவந்தியைப் பிடிக்கும் என்று சொன்ன பெண்களில் சிலராவது அதை 'நாங்கள்' என்று கேட்டிருக்கலாம். அவர்களிடம், அவளை ஏன் பிடிக்கும் என்பதோடு, அவள் எங்கே போயிருக்க முடியும் என்றும் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும்.

நானும் அம்மாவிடம் அதைக் கேட்க இருபது வருடம் ஆகியிருக்கிறது. கேட்டதுகூட நான் இல்லை, அவர்தான்.