ஃபாயிலில் சுற்றிய உருளைக்கிழங்கு

எங்க அரசு மருத்துவமனையில இமை சரிஞ்சு, பேச்சு குழறி ஒருத்தர் வந்தா முதல்ல பாம்புக்கடியான்னுதான் பார்ப்போம். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் எல் பாசோ நகரத்துல 30 பேர் இதே மாதிரி படுத்தாங்க. காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவு. சிலருக்கு வென்டிலேட்டர் வரைக்கும் போச்சு.

கடிச்சது பாம்பு இல்லைங்க, உருளைக்கிழங்கு!

நோயின் பெயர் பொட்டுலிசம். லத்தீனில் 'பொட்டுலஸ்' என்றால் சாசேஜ். 1820களில் ஜெர்மன் டாக்டர் கெர்னர் இதைக் கெட்டுப்போன சாசேஜில்தான் ஆராய்ந்தார். 1895-ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டு விருந்தில் பன்றி இறைச்சி சாப்பிட்டவர்கள் விழுந்தபோது, வான் எர்மென்கெம் கிருமியையே பிரித்தெடுத்தார். பழி முழுக்க இறைச்சி மேல விழுந்துச்சு. ஆனா அந்தக் கிருமி மண்ணிலும் இருக்கு. கிழங்கு விளையறதும் அங்கேதானே?

எல் பாசோவில் ஒரு உணவகம் கிழங்கை ஃபாயிலில் சுற்றிச் சுட்டு, பிரிக்காமலேயே பல நாள் வெளியில வச்சு, அப்புறம் மசிச்சு தொட்டுக்க கொடுத்திருக்கு. சுட்டதுல கிருமி செத்திருக்கும், ஆனா அதோட ஸ்போர் (விதை மாதிரி உறங்கும் வடிவம்) தாக்குப்பிடிக்கும். ஃபாயிலுக்குள்ள ஈரம் இருக்கு, காற்று இல்லை. ஸ்போர் முளைச்சு விஷம் கக்க அது போதும்.

அழுகின பச்சைக் கிழங்கு நாத்தத்துலயே காட்டிக் கொடுத்துடும். இது நாறணும்னு அவசியமே இல்லை.

சுட்ட கிழங்கு மிஞ்சினா ஃபாயிலைப் பிரிச்சுட்டு ஃப்ரிட்ஜில் வைங்க. பார்வை ரெண்டு ரெண்டா தெரிஞ்சா உடனே மருத்துவமனைக்கு வாங்க, என்ன சாப்பிட்டீங்கன்னும் சொல்லுங்க. நரம்பில் ஒட்டிக்கொண்ட விஷத்தை விஷமுறிவு மருந்தால் பிரிக்க முடியாது. ரத்தத்தில் இன்னும் சுற்றுவதை மட்டும்தான் அது பிடிக்கும்.