காருக்குள் ஒரு துபாஷி

சென்ற ஜனவரியில் ஒரு காலை. மாண்ட்ரியலில் மைனஸ் 22 டிகிரி. மூன்றாம் மாடிச் சமையலறையில் நின்றுகொண்டு, கீழே தெருவில் நிறுத்தியிருந்த காரை ரிமோட் ஸ்டார்ட்டரால் கிளப்பிவிட்டுக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்குக் கடலூரிலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது. அங்கே மாலை ஆறு மணி, விளக்கேற்றி முடித்திருப்பார். எடுத்து 'சொல்லும்மா' என்றேன். சத்தமே இல்லை. இரண்டு மூன்று தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, இணைப்பு கிடைக்கவில்லை போலும் என்று செல்பேசியை மேடைமேல் வைத்துவிட்டு மகளுக்குக் காலுறை தேடப் போய்விட்டேன்.

கீழே இறங்கியபோது எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் தன் காரின் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார். 'தம்பி, உங்கட அம்மாவுக்குச் சீனி கூடிப்போச்சாம். டொக்டர் மருந்து மாத்தியிருக்கிறாராம். அக்காவுக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவ' என்றார். பிறகு கொஞ்சம் சங்கடத்துடன், 'கார்தான் கதைச்சது' என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் இரவு பாட்டுக் கேட்ட ஒலி அளவில், யாருமில்லாத காருக்குள் அம்மா இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

என் சந்தேகம் உடனே விழுந்தது, இரண்டு வாரம் முன்பு காரில் செருகியிருந்த தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியின் மேல். செல்பேசியைக் காரின் திரையோடு கம்பியில்லாமல் இணைக்கும் பெட்டி அது. கணிப்பொறித் துறையில் இருந்துகொண்டு, என்ன செய்கிறது என்று பார்க்காமலே ஒரு பொருளைக் காரில் மாட்டியிருக்கிறேனே என்ற வெட்கத்தில் தேடிப் படித்ததே இந்தக் கட்டுரை.

கையில் இருக்கும் கருவியைக் காரின் ஒலிபெருக்கியோடு சேர்த்துவைப்பது பழைய ஆசைதான். ஒலிநாடா இயக்கியின் வாய்க்குள் கம்பி தொங்கும் போலி ஒலிநாடா ஒன்றைச் செருகிக் குறுந்தகடு கேட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. அதன்பின் பண்பலை வானொலிக்குத் தானே ஒரு குட்டி நிலையமாகி ஒலிபரப்பும் பொறி வந்தது. நெடுஞ்சாலையில் பக்கத்துக் காரின் பாட்டு நம் காரில் கேட்கும். அம்மா விஷயத்தில் எனக்கு நடந்தது அதன் மறுபிறவி என்றே முதலில் நினைத்தேன்.

ஆப்பிளின் கார்ப்ளே 2014 மார்ச்சில் ஜெனீவா கார்க் கண்காட்சியில் வெளியானது. கூகிளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதே ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டு 2015இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: காரின் திரை வெறும் திரை, மூளை செல்பேசி. வரைபடத்தைப் போடுவதும், பாட்டைத் தேடுவதும், குரலைப் புரிந்துகொள்வதும் செல்பேசியே. அது தான் வரைந்த படத்தைச் சுருக்கிய காணொளி ஓட்டமாகக் காருக்கு அனுப்புகிறது. நீங்கள் திரையில் எங்கே விரல் வைத்தீர்கள் என்பதைக் கார் திருப்பி அனுப்புகிறது. கார் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். செல்பேசி மூன்று நான்கு ஆண்டில் மாறும். காருக்குள்ளேயே பிறந்த வரைபடம் காரோடு சேர்ந்து கிழடாகிவிடும். மாண்ட்ரியலில் இது வேடிக்கைப் பேச்சல்ல. இந்த ஊரின் கோடைக்கால மலர், சாலைப் பணிக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு. நேற்றுத் திறந்திருந்த நுழைவழி இன்று மூடியிருக்கும். 2018இல் வாங்கிய காரின் சொந்த வரைபடத்துக்கு 2019இல் திறந்த புதிய ஷாம்ப்ளேன் பாலமே தெரியாது. அதை நம்பினால் ஆற்றுக்குள்தான் போகவேண்டும்.

தொடக்கத்தில் இரண்டும் யூ.எஸ்.பி. கம்பி வழியாகவே வேலை செய்தன. ஆப்பிள் 2015இல் கம்பியில்லா வசதியை மென்பொருளில் சேர்த்தது. ஆண்ட்ராய்டில் அது 2018இல் கூகிளின் சொந்தச் செல்பேசிகளுக்கு வந்து, 2020இல் 11ஆம் பதிப்போடு பெரும்பாலானவற்றுக்கும் பரவியது. ஆனால் காரும் அதற்குத் தயாராக இருக்கவேண்டும். கம்பியை மட்டுமே அறிந்த கார்கள் ஏராளமாகச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. இந்த இடைவெளியில்தான் நம் பெட்டி பிறந்தது. 2020இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஏஏவயர்லெஸ் வந்தது. 2022 ஜனவரியில் மோட்டோரோலா எம்.ஏ.1 என்ற பெட்டி 89.95 அமெரிக்க டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. இதைத் தயாரித்தது பெயருக்கு உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம். மோட்டோரோலா என்ற பெயரே 1930இல் கால்வின் நிறுவனம் கார் வானொலிக்காகச் சூட்டிய பெயர் என்பதால், அது ஒருவகையில் தாய்வீடு திரும்பியது என்று சொல்லலாம்.

பெட்டி என்ன செய்கிறது? அதற்குள் இருப்பது ஒரு குட்டிக் கணிப்பொறி. காரின் யூ.எஸ்.பி. துளையில் செருகியதும் அது காரிடம் 'நான்தான் செல்பேசி' என்கிறது. செல்பேசியிடம் திரும்பி 'நான்தான் கார்' என்கிறது. இரண்டும் நம்பிவிடுகின்றன. முதலில் ப்ளூடூத்தில் செல்பேசியைக் கூப்பிட்டு, தன் வை-ஃபை வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறது. செல்பேசி அந்த வலைக்குத் தாவுகிறது. ப்ளூடூத்தின் வேகம் நொடிக்கு அதிகபட்சம் 3 மெகாபிட். பாட்டுக்குப் போதும், ஓடும் வரைபடத்துக்குப் போதாது. அதனால்தான் இந்தத் தாவல். அதன்பின் வை-ஃபையில் வருவதை யூ.எஸ்.பி.க்கும், யூ.எஸ்.பி.யில் வருவதை வை-ஃபைக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே அதன் பிழைப்பு.

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் படித்ததும் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இரு தரப்புக்கும் நடுவில் நின்றவர். துபாஷி இல்லாமல் காரியம் நடக்காது. ஆனால் துபாஷியின் காதில் விழாமலும் எதுவும் நடக்காது. பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பும் எழுதினார், நமக்கு அது பெரும் பாக்கியம். என் காரில் இருக்கும் துபாஷியும் நாட்குறிப்பு எழுதுகிறாரா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் செல்பேசிக்கும் காருக்கும் நடுவே ஓடும் பேச்சு குறியாக்கம் செய்யப்பட்டது. வந்ததை அப்படியே கைமாற்றும் பெட்டி, ஒட்டிய உறையைச் சுமக்கும் தபால்காரர் மாதிரி. ஆனால் திரையின் அளவை மாற்றித்தருகிறேன், அந்தக் குறையைச் சரிசெய்கிறேன் என்று கூடுதல் வசதி சொல்லும் பெட்டி, உறையைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியாது. பிரித்ததை எங்கும் அனுப்பாதவரை தவறில்லை. அதைச் சொல்லவேண்டியவர் தயாரிப்பாளர். பெயரே இல்லாமல் இணையத்தில் விற்கும் பெட்டிக்குத் தயாரிப்பாளரை எங்கே போய்த் தேடுவது? நான் முதலில் வாங்கிய பெட்டியின் வை-ஃபை கடவுச்சொல், ஒரே எண் எட்டு முறை. மாற்றவும் வழியில்லை. அன்றே திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கினேன். கடவுச்சொல்லை மாற்ற முடிகிறதா, தயாரிப்பாளர் மென்பொருளைப் புதுப்பிக்கிறாரா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

அதிர்வெண் விஷயத்தில் கனடாவுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இந்தப் பெட்டிகள் 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் பேசுகின்றன. இங்கே 5150 முதல் 5250 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி கட்டடங்களுக்குள் மட்டுமே. தொழிற்சாலையிலேயே கார் நிறுவனம் பொருத்தும் கருவிக்குக் குறைந்த திறனில் விலக்கு உண்டு, நாம் வாங்கிச் செருகும் பெட்டிக்கு அது பொருந்தாது. 5600 முதல் 5650 வரை வானிலை ராடாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பெட்டியின் அமைப்பில் நாட்டைக் கனடா என்று வைத்து, 149 அல்லது அதற்கு மேற்பட்ட தடத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி. எனக்கு வீட்டு வாசலில் அடிக்கடி அறுந்துகொண்டிருந்த இணைப்பும் இதைச் செய்தபின் நின்றது. மூன்று மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் எத்தனை வீட்டு வை-ஃபையோடு அது மல்லுக்கட்டியதோ. கம்பியில்லாத் தொல்லை இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1920 மே 20 அன்று இங்கிருந்த மார்க்கோனி நிறுவனத்தின் எக்ஸ்.டபிள்யூ.ஏ. நிலையம், ஒட்டாவாவில் கூடியிருந்த ராயல் சொசைட்டி அவைக்கு இசையை அனுப்பிக் காட்டியிருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடவேண்டும். கம்பி இணைப்பே செல்பேசிக்கு மின்னூட்டமும் தந்தது. இப்போது செல்பேசி வழிகாட்டி, காணொளி அனுப்பி, மின்கலத்தையும் கரைக்கிறது. ஆப்பிள் தன் செல்பேசிகளைப் பயன்படுத்தச் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. மாண்ட்ரியல் ஜனவரியில் காருக்குள் அந்தச் சூட்டைப் பார்க்கவே கால்மணி ஆகும். குளிரில் என் பெட்டி விழித்துக்கொள்ள அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது, அடுத்த பாட்டு என்றால் ஒரு நொடி யோசிக்கிறது. சில கார்களில் இயந்திரத்தை நிறுத்தியபின்னும் யூ.எஸ்.பி.யில் மின்சாரம் வரும். அப்படியானால் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், குளிர்காலத்தில் கார் மின்கலத்துக்கு இருக்கும் கவலை போதும். இன்னொன்று: கம்பியில் கார்ப்ளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஏற்கெனவே இயங்கும் காருக்குத்தான் இந்தப் பெட்டி. இரண்டும் இல்லாத காரில் செருகினால் ஒன்றும் நடக்காது. கம்பி சரியாக வேலை செய்யவில்லை என்பதற்காக இதை வாங்க நினைப்பவர்கள், முதலில் வேறு கம்பியை மாற்றிப் பாருங்கள், செல்பேசித் துளையில் அடைந்திருக்கும் பஞ்சைப் பல்குச்சியால் எடுங்கள். என் நண்பர்கள் இருவருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்தது.

யூட்யூப் படம் காட்டும் பெட்டிகளும் விற்கின்றன. கியூபெக்கில் 2018 ஜூன் 30 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஓட்டும்போது செல்பேசியைக் கையில் பிடித்தாலோ, ஓட்டுவதற்குத் தேவையற்றதைத் திரையில் பார்த்தாலோ 300 முதல் 600 டாலர் அபராதம், ஐந்து தண்டப் புள்ளிகள். இரண்டு ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் உரிமம் அங்கேயே மூன்று நாள் நிறுத்தப்படும். வரைபடம் பார்க்கலாம், வடிவேலு பார்க்கக்கூடாது.

இதற்கிடையில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்கார்களில் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டையுமே விட்டுவிடப்போவதாக 2023இல் அறிவித்தது. துபாஷியே வேண்டாம், எல்லாம் நாங்களே பேசிக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள். காரின் வரைபடம் காரோடு கிழடாகும் காலம் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எண்பது தொண்ணூறு டாலர் பெட்டியால் ஒரு பழைய கார் இன்னும் ஐந்து ஆண்டு புதிதாக இருக்குமென்றால், அந்தப் பெட்டியின் பக்கமே நான்.

அம்மாவின் அழைப்புக்கு வருகிறேன். ஒரு வாரம் பெட்டியைத் திட்டித் தீர்த்தபின்தான் உண்மை தெரிந்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் தொலைபேசிப் பேச்சு மட்டும் வை-ஃபையில் போவதில்லை. அது காரின் சொந்த ப்ளூடூத் வழியாக நேரே போகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு ரிமோட்டால் காரைக் கிளப்பிப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் இருந்த செல்பேசியோடு கார் தானாகவே கைகோத்துக்கொண்டது. பெட்டி நிரபராதி. அதுமட்டுமல்ல, என் தொடர்புப் பட்டியல் முழுவதும் காரின் நினைவகத்தில் முன்பே இறங்கியிருந்தது, அக்காவின் எண் உட்பட. வாடகைக் கார்களில் இப்படித் தங்கிவிடும் விவரங்களை அழித்துவிட்டு இறங்குங்கள் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016லேயே எச்சரித்திருக்கிறது. சொந்தக் காரை விற்கும்போதும் அதைச் செய்யவேண்டும். நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது துபாஷி இல்லை, மாளிகை.

இப்போது காலையில் செல்பேசியின் ப்ளூடூத்தை அணைத்துவைக்கிறேன், இருக்கையில் உட்கார்ந்தபின்தான் திறப்பது. யாழ்ப்பாணத்து அண்ணர் பனி துடைக்கும் நாட்களில் 'அம்மாவுக்குச் சீனி எப்பிடி இருக்கு தம்பி' என்று கேட்கிறார். குறைந்திருக்கிறது என்று சொல்கிறேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.