எல்லைக்கோடும் மனநலமும்

வேற்று மாநிலத் தமிழர் என்றவுடன், பிழைப்பை நாடி ரயிலேறிச் சென்றவர்களையே நாம் எண்ணுகிறோம். இருந்த இடத்தை விட்டு ஓரடியும் பெயராமல் வேற்று மாநிலத்தவரான தமிழரும் உளர். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துச் சிற்றூர்களில் அவர்களைக் காணலாம்.

திருவிதாங்கூர் மன்னராட்சியில் நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே அரசின்கீழ் இருந்தன. தமிழ் வழங்கும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. மார்ஷல் நேசமணி அதன் பெருந்தலைவராய் விளங்கினார். அக்கட்சி கோரிய ஒன்பது தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை தமிழகத்திலும், அண்மையிலுள்ள பாறசாலை கேரளத்திலும் அமைந்தன.

எல்லை வகுத்தோர் நிலத்தை அளந்தனர். மனத்தை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. இவ்வூர்த் தமிழர் மலையாளத்தையும் நன்கு பேசுவர். எனினும், சந்தையில் விலை பேசுவதற்குப் போதுமான மொழி, நெஞ்சின் துயரை உரைக்கப் போதுவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் வாழும் நாமும் இதனை அறிவோம். உறக்கமின்மையும், காரணமறியா அச்சமும், தனிமையும் வாட்டும்போது, மருத்துவரிடம் ‘தலைவலி’ என்று மட்டும் கூறித் திரும்புகிறோம். மற்றதைச் சொல்ல வேற்றுமொழியில் சொல் கிட்டுவதில்லை. நாணமும் நாவைத் தடுக்கிறது.

இக்குறையைப் போக்கச் சில வழிகள் பிறந்துள்ளன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்கு உரிய செய்திகளை அவருக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்கவேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மனஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் உரையாடலாம்.

ஆயினும், முதற்சொல் வீட்டிலிருந்தும் அண்டை அயலிலிருந்தும் வரவேண்டும். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனை விதியென்றோ பலவீனமென்றோ ஒதுக்காது மருத்துவரை நாடுவோமாக. நம் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு அமையாமல், விழாவுக்கு வராதவரின் கதவையும் தட்டி, “நலமா?” எனத் தமிழில் வினவுமாயின், அதுவே சிறந்த தொண்டாகும்.